மேற்கு மாம்பலத்தில் மீட்டர் பார்த்த காலம்

மேற்கு மாம்பலத்தில் மின் கணக்கீட்டாளராக நான் ரீடிங் எடுக்கத் தொடங்கிய நாட்களில், மீட்டர் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருந்தது. நடையிலோ மாடிப்படிக்கு அடியிலோ மரப்பலகையில் பொருத்தப்பட்டிருக்கும்; கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அலுமினியத் தட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எண்ணைப் படிக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். வெள்ளை அட்டையில் அதைக் குறித்துக் கொடுப்பதற்குள், யாருக்குக் காய்ச்சல், எந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் காதில் விழும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறவன் என்பதால் எனக்கும் ஒரு டம்ளர் மோர் இருக்கும்.

தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, கீழே கார் நிறுத்தமும் மேலே அடுக்குகளுமாகக் கட்டடங்கள் எழுந்தபோது, ஓர் இணைப்பு இருந்த மனையில் எட்டு இணைப்புகள் வந்தன. எட்டு மீட்டர்களும் கார்களுக்குப் பின்னால் ஒரே சுவரில் வரிசையாக நின்றன. சுற்றும் தட்டு போய், மின்னணு மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. எட்டுக் குடும்பங்களின் கணக்கையும் ஒரு முகத்தைக்கூடப் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். வேலை எளிதானது உண்மை; அந்த எளிமை எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தள மீட்டர்கள் நீரில் மூழ்கின. 1920களில் தியாகராய நகரை உருவாக்குவதற்காகத் தூர்க்கப்பட்ட பழைய ஏரியை இப்பகுதியில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டுமே நினைவில் வைத்திருந்தது. அந்த வாரம் தண்ணீரும் நினைவுபடுத்தியது.

2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு 100 யூனிட் இலவசமானது. அதற்குள் அடங்கிய இணைப்புக்குக் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட இணைப்புகளைச் சிக்கனத்தின் பலன் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். ஒருமுறை, எப்போதும் 400 யூனிட்டைத் தாண்டும் மூன்றாம் மாடி இணைப்பு ஒன்று 60-இல் நின்றிருந்தது. மீட்டர் பழுதோ என்று விசாரிக்க மேலே ஏறினேன். கதவைத் திறந்த மாமி, மாமா காலமானதையும் மகன் குடும்பத்தோடு வெளிநாடு போனதையும் சொன்னார். "மீட்டர் சரியாத்தான் ஓடறது. நான்தான் ஹால் லைட்டே போடறதில்லை" என்றார். பிறகு பீரோவிலிருந்து பழைய வெள்ளை அட்டையை எடுத்து வந்து, "இதுலயும் எழுதிட்டுப் போங்கோ" என்று நீட்டினார்.

கட்டண விவரம் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரத் தொடங்கி, அட்டையை யாரும் கேட்காமல் போயிருந்த காலம் அது. நான் கீழே இறங்கி, எண்ணை இன்னொரு முறை சரிபார்த்து, மறுபடி ஏறி வந்து தேதியோடு எழுதிக் கொடுத்தேன். அதன்பின் அந்தக் கட்டடத்தில் ரீடிங் எடுக்கும் நாட்களில் மூன்று மாடி ஏறுவதற்கான நேரத்தையும் சேர்த்தே கிளம்பினேன்.