ஆகாய கங்கையில் ஷட்டரோடு மல்லுக்கட்டு

அருவிப் படம் என்றாலே ஷட்டரை, அதாவது வெளிச்சம் உள்ளே வரக் கேமராவில் திறந்து மூடும் கதவை, நிறைய நேரம் திறந்து வைத்துத் தண்ணீரைப் பாலாக்கிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இருக்கும் மாசிலா அருவியில் அப்படி எடுத்த படங்கள் எனக்கும் பிடித்திருந்தன. அங்கே தண்ணீர் பாறையை ஒட்டி வழிந்து இறங்குகிறது. அதே மலையில் இருக்கும் ஆகாய கங்கை அருவியின் கதையே வேறு. ஐயாறு என்ற ஆறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து குதிக்கிறது. பக்கத்தில் போனால் பேச்சு காதில் விழாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து படத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் காட்டினால் எப்படி? எந்த ஷட்டர் வேகத்தில் இந்த அருவி அருவியாகத் தெரிகிறது என்று பார்ப்பதுதான் இந்த முறை வேலை.

கார்த்திகை மழை ஓய்ந்த வாரமாகப் பார்த்துப் போனேன். கோடையில் போனால் பாறைதான் தெரியும். கொட்டும் மழையில் போனால் கீழே இறங்கவே விடமாட்டார்கள். மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு, அதைப் பற்றி எழுதாதவர் இல்லை, விடுங்கள். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேல் படிகள், ஒன்று போல ஒன்று இல்லை. இறங்கும்போது முட்டி பேசும், ஏறும்போது மூச்சு பேசும். ட்ரைபாடைத் தோளில் போடாமல் ஒரு காலை மட்டும் நீட்டி ஊன்றுகோலாக வைத்துக்கொண்டது நல்ல யோசனை.

கீழே பள்ளத்துக்குள் வெயில் இறங்குவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். வெயில் பட்டுவிட்டால் தண்ணீர் வெளுத்து, பாறை கறுத்து, இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க முடியாது. அன்றைக்கு மேகமும் இருந்தது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப்/8 (எண் கூடினால் துவாரம் சின்னதாகும்), ஃபில்டர் எதுவும் இல்லாமல் 1/60 நொடி காட்டியது. அதிலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் என்டி64, அதாவது வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர், போட்டு ஒரு நொடி. மேல் பாதி பரவாயில்லை. கீழ் பாதியில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. யோசித்தால் காரணம் எளிது: கீழே வர வரத் தண்ணீரின் வேகம் கூடுகிறது, கூடவே உடைந்து சிதறவும் செய்கிறது. ஒரே ஷட்டர் வேகத்தில் உச்சியில் சின்னக் கோடு, அடியில் நீளக் கோடு. குட்டையான அருவியில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

அப்புறம் நேரெதிர்: ஐஎஸ்ஓ 800, 1/500. தண்ணீர் கட்டி கட்டியாக, கீழே கூர்மையான முனையும் மேலே வாலுமாக இறங்குவது அப்படியே உறைந்து நிற்கிறது. பார்க்க ஆச்சரியமாக இருந்தது, ஆனால் படம் முரடாக இருந்தது. பக்கத்துப் பாறையில் தெறிக்கும் துளிகள்கூடப் புள்ளி புள்ளியாக நின்று கவனத்தைக் கெடுத்தன.

ஐஎஸ்ஓவை மறுபடி 100க்கு இறக்கி, வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும் என்டி8 போட்டு 1/8 நொடியில்தான் மனசு நின்றது. தண்ணீர் சரம் சரமாகப் பிரிந்து தெரிகிறது, விழுகிற வேகமும் இருக்கிறது. சிபிஎல் (பளபளப்பை அடக்கும், திருப்பக்கூடிய போலரைசர் ஃபில்டர்) சேர்த்தால் 1/3 நொடி வரை போகிறது. ஈரப் பாறையின் பளபளப்பும் இலைகளின் வெளுப்பும் அடங்கி, பச்சை நன்றாக வருகிறது. ஆனால் சரங்கள் ஒட்ட ஆரம்பிக்கின்றன. எனக்கு 1/8 போதும். வெள்ளை வெடிக்காமல், அதாவது விவரமே இல்லாமல் வெளுத்துப் போகாமல் இருக்க, எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்புக்குப் பக்கமாகக் குறைத்தே வைத்தேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்).

இங்கே உண்மையான தொல்லை சாரல்தான். விழும் தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது, அடியில் மோதியதும் அந்தக் காற்று சாரலோடு நம் மேல் பாய்கிறது. லாட்ஜில் கொடுத்த ஷவர் கேப்பைக் கேமராவுக்குப் போட்டுவிட்டு, காற்று அடங்கும் இடைவெளிக்குக் காத்திருந்து, கழற்றி, துடைத்து, ஒரு படம், மறுபடி மூடு. இதே பொழப்பு. ஃபில்டர் இல்லாதவர்கள் எஃப்/22க்குப் போய் நேரத்தை நீட்டுவார்கள். சாரல் இருக்கும் இடத்தில் அது வேண்டாம். துவாரம் சின்னதாக ஆக ஆக, கண்ணாடியில் ஒட்டிய ஒவ்வொரு துளியும் படத்தில் வட்டமாக வந்து உட்காரும்.

உயரம் தெரிய ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றும். குளிப்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். என்னோடு வந்த மச்சானைப் பாறை ஓரம் அசையாமல் நிற்கச் சொன்னேன், 1/8 நொடிக்கு அது தாங்கும்.

ஏறி வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். ரோமம் முளைத்த ஆட்டுக்கால் போலவே கடை முன்னால் கிழங்கு குவிந்திருக்கிறது. மிளகு தூக்கலாகக் கொதிக்கக் கொதிக்கத் தந்தார்கள். "தம்பி, பையைக் கீழ வைக்காதப்பா, குரங்கு தூக்கிட்டுப் போயிரும்" என்றார் கடைக்கார அம்மா. சொல்லி முடிப்பதற்குள் ஒன்று மச்சானின் பிஸ்கட் பாக்கெட்டோடு கூரையில் இருந்தது.

அடுத்தது வானவில். முதுகுக்குப் பின்னால் வெயில் இருக்கும் நேரமாகப் பார்த்து இறங்க வேண்டும். சிபிஎல்லை ஒரு பக்கம் திருப்பினால் வானவில் அழுத்தமாகும், இன்னொரு பக்கம் திருப்பினால் காணாமலே போய்விடும் என்பதால், அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே திருப்பிப் பழக வேண்டும்.