பழைய வீட்டுத் துணிகள்: இடவப்பாதி நாட்குறிப்பு

ஜூன் 3

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கியாச்சு. நாகர்கோவிலில் நான் துணிகளைப் பார்த்துக்கொள்ளும் இந்தப் பழைய வீட்டை இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். மாடி அறையில் ஈரப்பதம் 84 சதவீதம். 65-ஐத் தாண்டி நின்றாலே பூஞ்சை பிடிக்கும், அதனால் இன்று ஊசியைத் தொடவில்லை. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, மெதுவாக ஒரு ஃபேன் போட்டோம். ஏசி வைக்கலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். பகலில் ஓட்டிவிட்டு மாலையில் வீட்டைப் பூட்டும்போது அணைத்தால் ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கும், அதோடு சேர்ந்து நூலும் வீங்கிச் சுருங்கும். நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் ஈரத்தைவிட அந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் எனக்குப் பயம்.

ஜூன் 6

மழை விட்டு நல்ல வெயில். வீட்டு ஆச்சி பெட்டியைத் திறந்துவிட்டார். "மக்களே, ஒரு வெயிலு காட்டினா நாத்தமெல்லாம் போயிரும்லா?"

சின்ன வயதிலிருந்து அப்படியே செய்து பழகியவரிடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, கணக்கைச் சொன்னேன். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்போம், பழைய துணி இருக்கும் இடத்தில் அது 50 லக்ஸுக்குள் இருக்க வேண்டும். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். வெளிச்சம் செய்கிற கேடு கூடிக்கொண்டே போவது, திரும்ப இறங்காது. அதனால் முற்றத்தில் ஒரு மணி நேரம் காட்டுவதும், 50 லக்ஸில் 2000 மணி நேரம் காட்சிக்கு வைப்பதும் ஒன்று. தினம் எட்டு மணி நேரம் என்றாலும் 250 நாள் ஆகிறது. புற ஊதாக் கதிர் செய்வது இதற்கு மேலே.

"அம்புட்டா?" என்று கேட்டுவிட்டு அவரே பெட்டியை மூடினார். நிழலில், காற்றோட்டத்தில் விரித்து வைப்போம் ஆச்சி, நாற்றம் அதிலேயே குறையும் என்றேன்.

ஜூன் 8

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன், வெளிச்சத்தைப் பார்ப்பதற்காகவே. ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் மரச் சட்டங்களுக்கு நடுவே காற்று தாராளமாக வருகிறது, வெயில் வருவதில்லை. வண்ண மைக்கா பதித்த ஜன்னல்கள் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் தணிக்கின்றன. வீட்டு அருங்காட்சியகத்தில் துணிக்குக் கண்ணாடிப் பெட்டி கிடையாது, கட்டிலிலும் மேசையிலும்தான் கிடக்கும், ஆக அதைக் காப்பாற்ற வேண்டியது வீடுதான். எங்கள் வீட்டிலும் மரத் தட்டி வைத்த ஜன்னல்கள் இருந்தன. பிற்பாடு யாரோ எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதே அளவில் தட்டி செய்ய வேண்டும், தச்சரிடம் சொல்லியாச்சு. எந்த மருந்தையும்விட இதற்குத்தான் முதலில் பணம் செலவழிக்க வேண்டும் என்பேன்.

ஜூன் 11

சரிகைக் கரை போட்ட நேரியது, அதாவது மேலே போடும் துண்டு. கறுத்துப் போயிருக்கிறது, பாலிஷ் போட்டுத் தருவீர்களா என்று வீட்டார் கேட்டார்கள். மாட்டேன். இந்தச் சரிகை, நூலின் மேல் மெல்லிய வெள்ளியைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசியது. தேய்த்தால் கறுப்போடு முலாமும் போய்விடும். பழைய மடிப்புகளில் இழை அறுந்திருக்கிறது. மடிக்காமல், அமிலமில்லாத தாள் சுற்றிய குழாயில் உருட்டி வைத்தேன், மேலே துவைத்த காடாத் துணி.

ஜூன் 12

முண்டு ஒன்றில் ராமபாணப் பூச்சி. பழைய கஞ்சிப் பசைக்குத்தான் வருகிறது. நல்லவேளை, சரிகை இல்லாத வெறும் பருத்தி. காற்று புகாமல் பையில் கட்டி ஃப்ரீசரில், மைனஸ் 20-இல் இரண்டு வாரம். அந்துருண்டையெல்லாம் வீட்டை விட்டு வெளியே போயாச்சு, அந்தப் புகை நமக்கும் நல்லதில்லை.

ஜூன் 17

இன்று லேஸ் மேசை விரிப்பு. எனக்கு இந்த வீட்டிலேயே பிடித்த துணி.

1820களில் நாகர்கோவில் மிஷன் பள்ளியில் மார்த்தா மால்ட் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துத் தொடங்கிய பின்னல் வேலை இது. தலையணையில் ஊசி குத்தி, மரக் கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடந்த காலமும் அதுதான். 1859-இல் அதை அனுமதித்து திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாளின் அறிவிப்பு வந்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஐரோப்பியர் வீட்டு மேசைக்கு இத்தனை நுணுக்கமாகப் பின்னிக் கொடுத்தவர்கள், தங்கள் தோளை மூடுவதற்குத் தெருவில் அடி வாங்க வேண்டியிருந்தது. இதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்து எனக்குக் கோபம் வரும்.

பட்டு நனைந்தால் பலம் குறையும், பருத்தி அப்படியில்லை, அதனால் இதைக் கழுவலாம். முதலில் ஈர மையொற்றுத் தாளை வைத்து அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்தேன், இறங்கவில்லை. நைலான் வலைமேல் கிடத்தி, தாதுக்கள் நீக்கிய தண்ணீர் ஊற்றிய தட்டில் இறக்கினோம். தேய்ப்பது, பிழிவது எதுவும் கிடையாது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கட்டன்சாயா நிறத்துக்கு வந்தது. நூலில் ஊறிக் கிடந்த அமிலமும் அழுக்கும்தான் அது. தெளிகிறவரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

ஆச்சி நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே இருந்தார். ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை போகவில்லை. "அத விட்ராத மக்களே, எடுத்துரு" என்றார். வெளுப்பு போட்டால் போகும், இழையும் சேர்ந்து போகும். அது இந்த மேசையில் சாப்பிட்டவர்களின் தடம், இருக்கட்டும் ஆச்சி என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை.

அப்புறம் ஒவ்வொரு வளைவையும் விரலால் நேராக்கி, துருப்பிடிக்காத ஊசிகளால் பலகையில் குத்தி நிழலில் காயவிட்டோம். நாலு பேருக்கு இடுப்பு ஒடிந்த வேலை.

ஜூன் 20

லேஸ் காய்ந்து நன்றாக வந்திருக்கிறது. திரும்ப மேசையில் விரிக்க வேண்டும் என்று வீட்டார் ஆசைப்படுகிறார்கள், எனக்கும் அதுதான் ஆசை, வீட்டில் புழங்கிய பொருளைப் பெட்டியில் பூட்டினால் யாருக்கு என்ன தெரியும். தட்டி வந்து லக்ஸ் 50-க்குள் இறங்கியதும் மூன்று மாதம் மேசையில் இருக்கும், பிறகு எடுத்துவிட்டு வடசேரியில் வாங்கிய சாதாரண விரிப்பைப் போடுவோம். தட்டி அடுத்த வாரம் தருவதாகத் தச்சர் சொல்லியிருக்கிறார்.