சந்தேகத்துக்கிடமான ஒருவர்

2024 மே 30, வியாழன்

நேற்று ராத்திரிதான் கரண்ட் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை அடித்த புயலில் டாலஸ் வட்டாரத்தில் லட்சக்கணக்கான வீடுகள் இருட்டாகிவிட்டன. ஃப்ரிட்ஜில் வைத்திருந்த இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. எடுத்துக் கொட்டினேன்.

இந்தக் களேபரத்திலும் உற்சாகமாக இருந்த ஒரே ஆள் மாமா, என் கணவரின் அப்பா. பாளையங்கோட்டையில் மின்வாரிய லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, "கம்பமே இல்லாம எப்படிம்மா லைன் கொண்டுவாறான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் புறநகரில் எல்லாம் தரையடி கேபிள். சில வீடுகளுக்கு ஒன்றாகப் புல்தரையில் ஒரு பச்சைப் பெட்டி இருக்கும், அதுதான் டிரான்ஸ்ஃபார்மர். வெயில் ஏறுமுன் நடக்கப் போகிறவர், பெட்டிக்குப் பெட்டி குத்தவைத்து உட்கார்ந்து அதில் ஒட்டியிருப்பதையெல்லாம் படிக்கிறார். பக்கச் சுவரில் மீட்டர் தெரிந்தால் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார். தோளில் துண்டு வேறு.

அவருக்கு அது வேடிக்கை. யாராவது சந்தேகப்பட்டுப் போலீசை அழைத்துவிடுவார்களோ என்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இன்னும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

புயலோ ஆலங்கட்டியோ வந்தால், அடுத்த நாளே கூரை போடும் கம்பெனி ஆட்கள் வாசல் வாசலாக வருவது இந்த ஊர் வழக்கம். இலவசமாகக் கூரையைப் பார்த்துச் சொல்கிறோம், இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். வெள்ளிக்கிழமை இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் வந்தார்கள். ஒருவன் யாரையும் கேட்காமல் பக்கத்து வீட்டு மரக்கதவைத் திறந்து கொல்லைப்புறம் போய்ப் படமெடுத்தான். எங்கள் குடியிருப்பின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

நேற்று மாலை வந்தது ஒரு கறுப்பினப் பையன். அதே கம்பெனி, அதே நீலச் சட்டை, கையில் டேப்லெட், கழுத்தில் நகராட்சி கொடுத்த அனுமதி அட்டை. மணியை அழுத்திவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றான். கதவு திறக்கவில்லை, போய்விட்டான். வாசல் கேமராவில் பதிவான அந்த வீடியோ கொஞ்ச நேரத்தில் குழுவுக்கு வந்துவிட்டது. "எல்லாரும் ஜாக்கிரதை, சந்தேகமா இருக்கு." "ஆளைப் பார்த்தாலே தெரியுதே." "போலீசுக்கு அடிச்சாச்சு."

போலீஸ் கார் வந்தபோது நான் கராஜ் வாசலில் ஒடிந்த கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். பையன் சட்டென்று நின்றான். டேப்லெட்டைப் புல்லில் வைத்துவிட்டுக் கைகளை உடம்பிலிருந்து தள்ளி, விரல்களை விரித்துக்கொண்டான். அட்டையைக் காட்டச் சொன்னார்கள் போல. கையைக் கழுத்துக்குக் கொண்டுபோகாமல் மோவாயால் காட்டினான். யாரோ சொல்லிக்கொடுத்துப் பழகிய உடம்பு அது. போலீஸ்காரர் அட்டையைப் படித்தார், மரியாதையாகத்தான் பேசினார், போய்விட்டார். பையன் எங்கள் தெருவில் மிச்ச வீடுகளுக்கு வரவே இல்லை. அன்றைய பிழைப்பு அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமை வந்தவன் கதவையே திறந்து உள்ளே போனானே, அப்ப ஏன் யாரும் எழுதலை?" என்று குழுவில் கேட்டேன். "அது வேற அக்கா" என்று ஒரு பதில். எப்படி வேறு என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஜூன் 3, திங்கள்

இன்று காலை பதில் வந்துவிட்டது. "ஒரு போன் பண்ணினா என்ன கெட்டுப்போச்சு? தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?"

என்ன கெட்டுப்போகும் என்று சொல்ல நான் தூரமாகப் போக வேண்டியதில்லை. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில், இங்கே பிளேனோவில், வால்மார்ட்டில் வேலை முடிந்து அரைக்கைச் சட்டையோடு வீட்டுக்கு நடந்துபோன 18 வயதுக் கறுப்பினப் பையனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒருவர் போன் செய்தார். போலீஸ் வந்தது. உதவி வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்றான். கடைசியில் சாலையில் நடந்துபோனான் என்பதையே குற்றமாக்கிக் கைது, ஒரு ராத்திரி சிறை. அப்புறம் போலீஸ் தலைவரே வழக்கைக் கைவிட்டார்.

ஃபோர்ட் வொர்த்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2019 அக்டோபர் 12, அதிகாலை. எதிர்வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறதே, உள்ளே இருப்பவர்கள் நலமா என்று பார்க்கச் சொல்லி ஒரு பெரியவர் அழைத்தார். 911 என்ற அவசர எண் கூட இல்லை, அவசரமல்லாத விஷயங்களுக்கான எண். அவரும் கறுப்பினத்தவர்தான். அந்த அக்கறை, வந்த காவலரிடம் 'கட்டடம் திறந்து கிடக்கிறது' என்ற தகவலாகத்தான் போய்ச் சேர்ந்தது. அவர் வாசலில் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. கொல்லைப்புறம் போய், எட்டு வயதுச் சகோதரி மகனோடு வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்த 28 வயதுப் பெண்ணை ஜன்னல் வழியாகச் சுட்டார். அவள் இறந்துபோனாள். 2022 டிசம்பரில் அவருக்குக் கிட்டத்தட்ட 12 வருடச் சிறை.

நாம் பேசுவது ஒருவரிடம், வருவது வேறொருவர். போனை எடுப்பவர் கேட்டதைக் கணினியில் தட்டுகிறார், ரேடியோவில் இன்னொருவர் அனுப்புகிறார், வண்டியில் இருப்பவருக்கு ஒன்றிரண்டு வரிதான் போய்ச் சேர்கிறது. 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில் ஒரு பூங்காவிலிருந்து அழைத்தவர், துப்பாக்கி பொம்மையாக இருக்கலாம், பிடித்திருப்பது சின்னப் பையனாக இருக்கலாம் என்று சொல்லித்தான் இருந்தார். அந்த 'இருக்கலாம்' வண்டிக்குப் போகவில்லை. வந்து இறங்கிய இரண்டு விநாடிக்குள் சுட்டார்கள். அவனுக்கு வயது 12.

இவ்வளவையும் குழுவில் எழுதவில்லை. நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஜூன் 5, புதன்

பாப்பாவை நீச்சல்குளத்துக்குக் கூட்டிப்போனேன். குடியிருப்போர் சங்கத்துக் குளம், அட்டை காட்டினால்தான் கேட் திறக்கும். எங்களிடம் யாரும் வீட்டு எண் கேட்டதில்லை. வேறு சிலரிடம் கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

2015-ல் இதே ஜூன் 5-ம் தேதிதான் டாலஸ் பக்கத்து மக்கினியில் இப்படி ஒரு குளத்துக்கு எதிர்பாராத அளவுக்குக் கறுப்பினப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று போலீசுக்கு அழைப்புகள் போயின. எரிக் கேஸ்போல்ட் என்ற அதிகாரி நீச்சலுடையில் இருந்த 15 வயதுப் பெண்ணைக் கையைப் பிடித்திழுத்துத் தரையில் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றினார். நெருங்கிய பையன்களை நோக்கித் துப்பாக்கியை உருவினார். இதைப் படம் பிடித்தவன் ஒரு வெள்ளைக்காரப் பையன். தன்னைப் போலீஸ் கண்டுகொள்ளவே இல்லை என்று பிறகு சொன்னான். அதிகாரி சில நாளில் ராஜினாமா செய்தார். வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் பெருநடுவர் குழு அவர்மீது குற்றம் சாட்டவில்லை.

ஜூன் 7, வெள்ளி

கிரிக்கெட்! நேற்று கிராண்ட் பிரெய்ரி மைதானத்தில் அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் தோற்கடித்தது. நேத்ரவால்கர் பந்தெடுத்ததும் மாமா சோபாவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இன்று நடைக்குப் போனவர் எதிரே வந்த எல்லாரிடமும் "யுஎஸ்ஏ!" என்றாராம். பாதிப் பேருக்கு எதற்கென்றே புரிந்திருக்காது.

ஜூன் 8, சனி

மாமாவிடம் சொல்லிவிட்டோம். காபி குடிக்கும்போது என் கணவர் அலபாமா கதையை ஆரம்பித்தார்.

2015 பிப்ரவரி. ஹன்ட்ஸ்வில் பக்கத்தில் மேடிசன் என்ற ஊர். பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்த 57 வயதுத் தாத்தா காலையில் தெருவில் நடந்தார். 'ஒல்லியான கறுப்பு ஆள்' ஒருவன் வீடுகளை நோட்டம் விடுகிறான் என்று யாரோ போலீசை அழைத்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இந்தியா என்றார், நடக்கிறேன் என்றார், வீட்டு எண்ணைச் சொன்னார். எரிக் பார்க்கர் என்ற காவலர் அவரைத் தலை மோதத் தரையில் அடித்தார். உடம்பு பாதி செயலிழந்துபோனது. மாநில ஆளுநர் இந்திய அரசிடம் மன்னிப்புக் கேட்டார். பார்க்கர்மீது இரண்டு முறை விசாரணை நடந்தும் நடுவர் குழுவால் ஒருமனதாக முடிவுக்கு வர முடியவில்லை. 2016 ஜனவரியில் நீதிபதியே விடுவித்துவிட்டார். 2021-ல் நஷ்டஈடு 17.5 லட்சம் டாலர் என்று தீர்ந்தது.

மாமா கேட்டுவிட்டு, "கூப்பிட்டவனை என்ன செஞ்சாங்க?" என்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றோம்.

பாஸ்போர்ட் நகலும் வருகைப் பதிவுத் தாளும் இனிப் பையில் இருக்கட்டும் என்றோம், சம்மதித்தார். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று இவர் சொன்னதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "பச்சப் பிள்ளையைக் காவலுக்குக் கூட்டிட்டுத்தான் நான் தெருவுல நடக்கணுமா?" பச்சைப் பெட்டியை நின்றுகொண்டே பார்ப்பதாக மட்டும் ஒப்புக்கொண்டார்.

ஜூன் 11, செவ்வாய்

கூப்பிட்டவனை என்ன செய்வது என்ற மாமாவின் கேள்வி சில மாநிலங்களுக்கும் வந்திருக்கிறது. 2018-ல் ஓரிகான் சட்டமன்ற உறுப்பினர் ஜனெல் பைனம், கறுப்பினப் பெண், தன் தொகுதியிலேயே வீடு வீடாக வாக்குக் கேட்டு நடந்தபோது அவர்மீதே ஒருவர் போலீசை அழைத்தார். அடுத்த வருடமே, இப்படி இனவெறியோடு போலீசை ஏவுகிறவர்மீது வழக்குப் போட்டு 250 டாலர் நஷ்டஈடு வாங்கலாம் என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார். இந்த 2024 தேர்தலில் அமெரிக்க காங்கிரசுக்கே போட்டியிடுகிறார். 2020-ல் நியூயார்க்கும் சான் ஃபிரான்சிஸ்கோவும் இதே வழியில் சட்டம் செய்தன.

ஒரு மாலைப் பிழைப்புக்கு 250 டாலர் சரிதான். தலை மோதியதற்கு?

ஜூன் 15, சனி

குழுவில் ஒரு விதி வேண்டும் என்று அட்மினிடம் கேட்டிருந்தேன். வந்தவர் என்ன செய்தார் என்று எழுத வேண்டும், செய்தது ஒன்றுமில்லை என்றால் படம் போடக் கூடாது. அக்கம்பக்கத்தாருக்கான நெக்ஸ்ட்டோர் செயலியே 2016-ல் இப்படித் தன் படிவத்தை மாற்றியது. நிறத்தை எழுதினால் உடை, காலணி போன்ற மற்ற அடையாளங்களையும் எழுதியாக வேண்டும் என்று வைத்தது.

உடனே ஒருவர்: "நம்மளை யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க. நாம படிச்சவங்க." அலபாமாத் தாத்தாவின் மகனும் பொறியாளர்தான். அதையே பதிலாகத் தட்டினேன். நம் வீட்டிலும் தாத்தாக்கள் இருக்கிறார்கள், நாளைக்கு நமக்கும் நடக்கலாம் என்று முடித்து, அனுப்புவதற்கு முன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"என்னை எதுக்கும்மா இதுல இழுக்க?" என்றார். "அந்தப் பையன் வயித்துப் பொழப்புக்கு வந்தவன். அவனுக்குச் செஞ்சது தப்புன்னா தப்புன்னு எழுது. எனக்கு நடந்துரும்னு பயந்தாத்தான் இவங்களுக்கு உறைக்குமா?"

அழித்துவிட்டு அந்தப் பையனைப் பற்றி மட்டும் எழுதி அனுப்பினேன். டேப்லெட்டைப் புல்லில் வைத்தது, விரல்களை விரித்தது, மோவாயால் காட்டியது. இரண்டு பேர் குழுவை விட்டு விலகினார்கள். படம் போட்டவர் தனியாக அழைத்து, அவன் எந்தக் கம்பெனி என்று கேட்டார். அட்மின் இன்னும் முடிவு சொல்லவில்லை.