மெடிக்கல் அசிஸ்டென்ட் ஆகப் போகிறீர்களா? டிபி டெஸ்ட்டில் கவனம்

எச்4 இஏடி (எச்1பி விசாக்காரரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி) வந்ததும் இங்கே அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் மெடிக்கல் அசிஸ்டென்ட் கோர்ஸில் சேர்ந்தேன். ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது, ஈசிஜி எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. வம்பு வந்தது எக்ஸ்டர்ன்ஷிப்புக்கு (கோர்ஸின் பகுதியான நேரடி வேலைப் பயிற்சிக்கு) முன்னால் கேட்ட பேப்பர்களில்தான்.

காசநோய் இல்லை என்று காட்ட வேண்டும். க்ளினிக்கில் முன்கையில் ஸ்கின் டெஸ்ட் போட வந்தார்கள். பிறந்தபோதே பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று என்று இடது தோள் தழும்பைக் காட்டினேன். "எல்லாருக்கும் இதுதான்" என்று சொல்லிப் போட்டுவிட்டார் அந்த அம்மா. இரண்டு நாளில் நன்றாகத் தடித்துவிட்டது. பாசிட்டிவ்! பிசிஜி போட்டவர்களுக்குக் கிருமியே இல்லாவிட்டாலும் இப்படிக் காட்டலாம். ஆனால் ஃபைலில் அந்த வார்த்தை ஏறிவிட்டால் யார் கேட்கிறார்கள்? எக்ஸ்ரே எடுத்தேன், நுரையீரல் சுத்தம். டாக்டர் கடிதத்தில் தேதி இல்லை என்று காலேஜ் ஆபீஸில் திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் எனக்கு ஒதுக்கிய இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. 160 மணி நேரம் சம்பளமில்லாமல் வேலை பார்க்கக் கிடைத்த இடம் அது. இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வேறொரு டாக்டர்தான் குவான்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பிசிஜி அதன் முடிவைக் குழப்பாது. நெகட்டிவ் என்று வந்ததும் அடுத்த பேட்சில் இடம் கிடைத்தது. நீங்கள் ஸ்கின் டெஸ்ட்டுக்குக் கை நீட்டவே நீட்டாதீர்கள். கைக்காசு போனாலும் சரி, ரத்தப் பரிசோதனைதான் வேண்டும் என்று முதலிலேயே நில்லுங்கள்.

கேட்ட பேப்பர்களில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இன்னொன்று. நாம் குழந்தையாக இருந்த காலத்தில் ஊரில் அரசுத் தடுப்பூசி வரிசையில் அது இல்லை. வழக்கமான மூன்று ஊசி முடிய ஆறு மாதம் ஆகும். ஹெப்லிசாவ் என்ற பிராண்ட் ஊசி என்றால் ஒரு மாத இடைவெளியில் இரண்டே ஊசி, கேட்டுப் பாருங்கள். சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சி அட்டையும் கேட்டார்கள்: ஆன்லைனில் மட்டும் முடித்துத் தருவதை எங்கள் காலேஜில் ஏற்கவில்லை, பொம்மை மேல் அழுத்திக் காட்டி வாங்கியதுதான் செல்லும் என்றார்கள்.

மெடிக்கல் அசிஸ்டென்ட் சான்றிதழுக்கான சிசிஎம்ஏ தேர்வு முதல் தடவையிலேயே பாஸ். மூன்று மணி நேரம், 180 கேள்வி. அதில் 30-க்கு மதிப்பெண் கிடையாது, எவை என்று சொல்ல மாட்டார்கள். அதனால் புரியாத கேள்வி வந்தால் அங்கேயே உட்காராமல் நகர்ந்துவிடுங்கள்.

எல்லாப் பேப்பரையும் ஸ்கேன் செய்து வையுங்கள். வேலையில் சேரும்போது ஹெச்ஆரில் அதே பட்டியலை மறுபடி கேட்டார்கள். அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.