மூன்று தடவை எழுந்து வந்த கோடு: பீட்டர்பில்ட் 359, டீசல் டேங்க்

ஒரு டேங்க் முடிந்துவிட்டது. ஒரே ஒரு டேங்க், நான் கட்டுகிற பிளாஸ்டிக் மாடல் டிரக்கின் இடப்பக்கத்து டீசல் டேங்க். இதற்கு ஐந்து மாதம் ஆச்சு என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். என்னைப் போல மாடல் கிட் வாங்கி ஒட்டிக் கட்டுகிறவர்கள் சிரிக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வண்டி 1/25 அளவு, அதாவது நிஜத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, பீட்டர்பில்ட் 359. அமெரிக்காவில் 1967 முதல் 1987 வரை தயாரான நீள மூக்கு டிரக். கிட் பழைய அச்சில் வார்த்தது. சேசிஸை வெட்டி நடுவில் 30 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) பட்டை கொடுத்து நீட்டிவிட்டேன், அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. எஞ்சினுக்கு ஒயரிங் கொடுத்தாயிற்று. கேபின் மெரூன் அடித்துப் பெட்டிக்குள் தூங்குகிறது. மீதியெல்லாம் குரோம்.

கிட்டோடு வரும் குரோம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. பொம்மைக் கடை மினுமினுப்பு, அதற்கு நடுவே அச்சின் இரண்டு பாதி சேருகிற இடத்தில் விழுகிற மோல்டு கோடு. டேங்க் இரண்டு பாதியாக வருகிறது. ஒட்டினால் சரியாக வெளியே தெரிகிற பக்கத்தில், நீளவாட்டில், இணைப்பு. அதைத் தேய்த்தால் குரோம் போகும், தேய்க்காவிட்டால் கோடு நிற்கும். அதனால் எல்லாவற்றையும் உரித்துவிட்டேன். அந்தக் குரோம் வெற்றிடத்தில் ஏற்றிய மெல்லிய அலுமினியப் படலம்தான். வீட்டில் துணி வெளுக்கிற பிளீச் திரவத்தில் போட்டால் அரை மணி நேரத்தில் கரைந்துவிடும். அதற்கு அடியில் மஞ்சளாக ஒரு வார்னிஷ் இருக்கிறதே, அது பிளீச்சுக்கு அசையாது. பைக்குக்கு ஊற்றுகிற பிரேக் ஆயிலில் ஓர் இரவு ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். வந்துவிட்டது. அந்த வார்னிஷை விட்டுவிட்டு ஒட்டினால் பசை பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. இன்னொன்று: பிளீச் இருக்கும் டப்பா பக்கத்தில் பாத்ரூம் கழுவுகிற ஆசிடைக் கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

இனிமேல்தான் கதை.

முதல் தடவை: எக்ஸ்ட்ரா தின் என்கிற, தண்ணீர் மாதிரி ஓடும் மாடல் பசையால் ஒட்டினேன். இரண்டு நாள் காயவிட்டு, பட்டி பார்த்து, 400, 800, 1200 என்று வாட்டர் பேப்பர் போட்டு, ப்ரைமர், கறுப்பு, அதன் மேல் குரோம். கண்ணாடி மாதிரி வந்தது. போட்டோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஆறாவது நாள் டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் தலைமுடி தடிமனில் ஒரு கோடு. விரல் வைத்தால் தெரியவில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. இந்த அளவில் 0.1 மி.மீ. பள்ளம் என்றால் நிஜ வண்டியில் 2.5 மி.மீ. பள்ளம். சாதாரண பெயிண்டில் மறைந்துவிடும். குரோமில் அந்த இடத்தில் மட்டும் டியூப்லைட்டின் நிழல் நெளியும்.

இரண்டாவது தடவை பட்டியைத் தாராளமாகப் போட்டு, காயப் பத்து நாள் கொடுத்தேன். கோடு வந்தது. மூன்றாவது தடவை, தப்பு குரோம் பெயிண்டில்தான் என்று முடிவுகட்டி அதை மாற்றினேன். அதே இடத்தில், அதே கோடு. அன்றைக்கு டேங்கை ஜன்னல் வழியாக எறியப் போனேன். கீழே சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள், பிழைத்தது.

வழி சொன்னவர் கிட் கட்டுகிறவரே கிடையாது. எங்கள் தெருமுனையில் வேன், லாரிக்கு டிங்கரிங், பெயிண்டிங் பார்க்கிற அண்ணன் ஒருவர். ஸ்கூட்டரில் கீறல் காட்டப் போனபோது பையில் டேங்கும் இருந்தது. எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி, வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

“தம்பி, இது ஜாயிண்ட் ஆறல.”

“பட்டி பத்து நாள் காய்ஞ்சுது அண்ணே.”

“பட்டி காய்ஞ்சிருக்கும். அடியில இருக்கறது காயணும்ல? ஈரத்து மேல பெயிண்ட் அடிச்சா கோடு எந்திரிக்கத்தான் செய்யும்.”

வீட்டுக்கு வந்து யோசித்தால் நூற்றுக்கு நூறு சரி. நம் பசை பசையே இல்லை, கரைப்பான். பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றாக்கிவிட்டு, அந்தக் கரைப்பான் கொஞ்சம் கொஞ்சமாக வாரக்கணக்கில் வெளியேறும். வெளியேற வெளியேற அந்த இடம் சுருங்கும். நான் தேய்த்துச் சமமாக்கியது வீங்கியிருந்த பிளாஸ்டிக்கை. அது வற்றினதும் பள்ளம். போதாக்குறைக்கு மேலே கரைப்பான் கலந்த லாக்கர் ப்ரைமர் அடித்து மறுபடியும் அதை இளக்கியிருக்கிறேன். மூன்று தடவையும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறேன், விதவிதமான பெயிண்டில்.

நாலாவது தடவை டேங்கைச் சின்ன ரம்பத்தால் பிளந்தேன். உள்பக்கம் நெடுக ஒரு ஸ்டைரீன் பட்டையைத் தாங்கலாக ஒட்டி, அதை 21 நாள் தொடவில்லை. மாஸ்கிங் டேப்பில் தேதி எழுதி ஒட்டி வைத்தேன், இல்லாவிட்டால் கை சும்மா இருக்காது. பிறகு இரண்டு பாதியையும் சேர்த்து, வெளிக்கோட்டில் கரைப்பான் பசையே படாமல், ஃபெவிக்விக்கை மட்டும் ஊசி முனையால் ஓடவிட்டு நிரப்பினேன். அது சுருங்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகிவிடும். சுற்றிலும் உள்ள பிளாஸ்டிக் தேய்ந்து போய், பள்ளத்துக்குப் பதில் மேடு நிற்கும்.

தேய்க்கிற விதமும் உண்டு. விரலால் அழுத்தித் தேய்த்தால் உருளை தட்டையாகிவிடும். வாட்டர் பேப்பரை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவர் துணியை இழுப்பாரே, அப்படி மேலே போட்டு இரண்டு முனையையும் பிடித்து இழுக்க வேண்டும். 600-இல் ஆரம்பித்து 2000 வரை போனேன். நடுவில் ஒருமுறை பளபளப்புக் கறுப்பை லேசாக அடித்துப் பார்த்தேன். சாம்பல் ப்ரைமர் மறைக்கிற குறையைக் கறுப்பு காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் கறுப்பை முழுசாக அடிப்பதற்குள் சென்னை மழை சும்மா விடுமா? ஈரப்பத மானி 84 சதவீதம் காட்டிய அன்று பொறுமையில்லாமல் அடித்தேன். டேங்க் முழுக்க விபூதி பூசின மாதிரி வெளுத்துவிட்டது. லாக்கர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிவதால் வருகிற வினை. மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிய தூறலாக மேலே அடித்ததும் வெள்ளை போய்விட்டது. அது மெதுவாக ஆவியாகிற தின்னர், ஈரம் வெளியேற நேரம் கிடைக்கிறது. ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் மலிவுதான், ஏர்பிரஷ் (காற்றில் பெயிண்ட் தூவுகிற பேனா மாதிரிக் கருவி) கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது பிளாஸ்டிக்கையே தின்னும்.

காயவைக்க அம்மாவின் பழைய அரிசி டிரம். உள்ளே ஒரு 40 வாட் குண்டு பல்பு, மூடியில் இரண்டு ஓட்டை. வெப்பமானி 45 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். “கோழிக்குஞ்சு பொரிக்கப் போறியாடா?” என்று அம்மா கேட்டுவிட்டுப் போனார்.

கறுப்பு இரண்டு நாள் காய்ந்த பிறகு ஆல்கிளாட் கம்பெனியின் குரோம் பெயிண்ட். ஏர்பிரஷில் 0.3 மி.மீ. நாசில், 12 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், தூவித் தூவி நாலு சுற்று. கறுப்பு முழுசாக மறைவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திவிட வேண்டும். இன்னொரு சுற்று அடித்தால் சாதா வெள்ளிப் பெயிண்டாகிவிடும், அந்த ஆசையை அடக்குவதுதான் கஷ்டம். அடித்து இன்றோடு 34 நாள். தினமும் காலையில் டியூப்லைட்டில் பார்க்கிறேன். நிழல் நேராக ஓடுகிறது.

குரோம் மை வருகிற பேனா ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். வாங்கினேன். மோலோட்டோ பேனா கண்ணாடி விளிம்பு, கைப்பிடி மாதிரி சின்ன வேலைக்கு அருமை. டேங்க் அளவுப் பரப்பில் வரி வரியாகத் தெரிகிறது. ஏர்பிரஷில் ஊற்றி அடிக்கலாம், அடித்த பிறகு நாள்கணக்கில் தொடக்கூடாது, தொட்டால் ரேகை பதியும். நான் தொட்டேன்.

சாமான் விஷயம்: தின்னரையும் ஸ்பிரே டப்பாவையும் வெளிநாட்டிலிருந்து விமானத் தபாலில் வரவழைக்க முடியாது, தீப்பற்றும் பொருள். ஒரு விற்பனையாளர் பணத்தை வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் கழித்து “அனுப்ப இயலாது” என்றார். இப்போதெல்லாம் உள்ளூரில் இருப்பு வரும்போது மூன்று பாட்டில் சேர்த்து வாங்கிவிடுகிறேன். எஞ்சின் ஒயரிங்குக்கு ரிச்சி தெருவில் வாங்கிய மெல்லிய ஒற்றை இழை ஒயர் இன்னும் பத்து வண்டிக்கு வரும்.

அடுத்த கிட்டையும் மனசுக்குள் பிரித்தாயிற்று. இதாலேரி கம்பெனியின் 1/24 டிரக் ஒன்றின் கேபினைக் கழற்றிவிட்டு, நாமக்கல் பக்கம் பாடி கட்டுவார்களே, அந்த மாதிரி மரப்பலகை பாடி, பக்கவாட்டில் தாமரைப் பூ, பின்னால் “சவுண்ட் ஹாரன்” என்ற எழுத்து. பலகைக்கு ஐஸ் குச்சி சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். மகள்தான் சப்ளை, தினம் ஒன்று.

வலப்பக்கத்து டேங்க் பிளந்தபடி மேசையில் கிடக்கிறது. டேப்பில் இருக்கும் தேதிப்படி இன்றைக்கு ஒன்பதாவது நாள். புகைக்குழாய் இரண்டும் இன்னும் பிரேக் ஆயிலில். டயர் பத்தும் தேய்க்கவில்லை.