நெற்றியில் ஒன்று, இடுப்பில் ஒன்று

போன அக்டோபரில் ஒரு நாள், பினாங்கின் கொடிமலை உச்சியிலிருந்து ஜீப் பாதை வழியாக நாலு பேர் இறங்கிக்கொண்டிருந்தோம். சாயங்கால மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மலை ரயிலிலேயே இறங்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன், ஏனென்றால் அந்த வாரம்தான் எனக்குப் புது ஹெட்லேம்ப் வந்திருந்தது, பெட்டி மேல் 1200 லூமென் என்று பெரிதாகப் போட்டிருந்தது, அதை நல்ல இருட்டில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. முழு வெளிச்சத்தில் வைத்தேன். முகத்துக்கு முன்னால் யாரோ வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தது போல ஆகிவிட்டது, என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

கூட வந்த அண்ணன் ஒருவர், எத்தனையோ வருடமாக வாரம் தவறாமல் இந்த மலையில் ஏறி இறங்குகிறவர், பின்னாலிருந்து சொன்னார்: "தம்பி, அத நெத்தியில இருந்து கழட்டு. இடுப்புகிட்ட பிடிச்சுக்க. வெளிச்சத்தையும் குறைச்சிரு." கழற்றினேன், குறைத்தேன், இடுப்புக்குப் பக்கத்தில் தாழ்த்திப் பிடித்தேன். தார் ரோடு தெரிந்தது. ஓரத்தில் பாசி, அதற்கு அந்தப் பக்கம் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்), அதில் ஓடுகிற தண்ணீர் எல்லாம் தெரிந்தது. அதே விளக்கு, அதே பனி. மாறியது அதைப் பிடித்த இடம் ஒன்றுதான்.

காரணம் எளிது. நெற்றியில் இருக்கும் விளக்கு கண்ணுக்கு மேலே நாலு விரல் தூரத்தில் இருக்கிறது. பனித்துளிகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நேராக நம் கண்ணுக்குத்தான் வரும். எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு வெள்ளை. காரில் பனிவிளக்கைப் பம்பருக்குக் கீழே வைப்பதும் இதனால்தான். வெளிச்சத்தைக் கண்ணைவிட்டுத் தள்ளித் தாழ்வாக வைத்துவிட்டால் திரும்பி வருவது கண்ணில் அவ்வளவாக விழாது.

அன்றிலிருந்து ஹெட்லேம்ப் வாங்கக் கேட்கிற எல்லோரிடமும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறேன். அதிகபட்ச லூமெனைப் பார்க்காதீர்கள், குறைந்தபட்சம் எவ்வளவு என்று பாருங்கள், அப்புறம் கையில் பிடிக்க இன்னொரு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பனி இல்லாவிட்டாலும் இது பொருந்தும். 84 என்று நாம் சொல்கிற ஐந்தாம் நிலையத்திலிருந்து மலையடிவாரத்து மூன் கேட் பக்கம் இறங்கும் பாதை தெரியும் அல்லவா, வேர்களே படிக்கட்டாகக் கிடக்கிற இடம். நெற்றி விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே இறங்கிப் பாருங்கள், எல்லாம் தட்டையாகத் தெரியும். வெளிச்சமும் கண்ணும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து பார்ப்பதால் வேரின் நிழல் வேருக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. நிழல் தெரியாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. டார்ச்லைட்டை இடுப்பு உயரத்தில் பிடித்ததும் ஒவ்வொரு வேரும் ஒரு கறுப்புக் கோட்டோடு எழுந்து நிற்கும். எந்த வேர் இரண்டு அங்குலம், எந்த வேர் ஆறு அங்குலம் என்று பார்த்தவுடனே தெரியும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அப்படியானால் ஹெட்லேம்ப்பே வேண்டாமா என்றால், வேண்டும். கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க, கயிற்றைப் பிடிக்க, காலில் ஏறிய அட்டையை எடுக்க இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் விளக்கு இருந்தால்தான் தெரிகிற ஒன்றும் உண்டு. பாதை ஓரத்துப் புல்லில் பனித்துளி மாதிரி பச்சையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் மின்னும், கிட்டே போய்க் குனிந்தால் ஒவ்வொன்றும் ஓநாய்ச் சிலந்தியின் கண். கண்ணுக்குள் போகும் வெளிச்சம் வந்த வழியே திரும்புவதால், விளக்கு நம் கண்ணை ஒட்டி இருந்தால்தான் அந்த மின்னல் நமக்குத் தெரியும். தேவாங்கின் கண்ணும் அப்படித்தான் மரத்து மேலிருந்து மின்னும்.

என் அம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடிவதற்கு முன்பே நிரைக்கு (தன் மர வரிசைக்கு) போய்விட வேண்டும், வெயில் ஏறும் முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும், அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆரம்பத்தில் அவர் நெற்றியில் கட்டியது கார்பைட் விளக்கு. கார்பைடு கட்டி மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும், அசெட்டிலின் வாயு வரும், அது எரியும். அந்த நாற்றம் தலைமுடியிலேயே தங்கிவிடும் என்பார். அவ்வளவு சின்னச் சுடரில் அவர் செய்த வேலை என்ன தெரியுமா? முன்தினம் வெட்டிய கோட்டுக்குக் கீழே பட்டையில் மெல்லிய சீவல் ஒன்றை எடுக்க வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மண்டோர் (மேற்பார்வையாளர்) வந்து கத்துவார். மேலோட்டமாகப் போனால் பால் வராது. கொடிமலைக் கதையை அவரிடம் சொன்னபோது, "எங்களுக்கு மூணடி தெரிஞ்சா போதும்யா, கோடு தெரியணும், அவ்ளோதான்" என்றார்.

சரி, இப்போது கடைக்குப் போகலாம்.

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது எங்கே விழுகிறது என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. ஒரே 300 லூமென் கூடாரம் முழுக்கப் பரவலாம், அல்லது எதிர்க்கரை மரத்தில் ஒரு வட்டமாகப் போய் விழலாம். எவ்வளவு குவிந்து போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. நல்ல நிறுவனங்கள் ஏஎன்எஸ்ஐ எஃப்எல் 1 என்ற அளவுமுறைப்படி இரண்டையும் போடும். அதில் சொல்லும் தூரம், வெளிச்சம் 0.25 லக்ஸுக்குக் குறைகிற இடம், அதாவது ஏறக்குறைய முழு நிலா வெளிச்ச அளவு. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் வந்துவிடும்: 2500 கேண்டெலா என்றால் 100 மீட்டர், 10000 என்றால் 200 மீட்டர். தூரத்தை இரட்டிப்பாக்க 4 மடங்கு வேண்டும். கண்ணும் இதே கஞ்சத்தனம்தான், 500 லூமெனைவிட 1000 லூமென் இரண்டு மடங்கு பளிச்சென்று தெரியாது, கொஞ்சம் கூடியது போலத்தான் தெரியும். அந்தக் கொஞ்சத்துக்காகப் பேட்டரி பாதி நேரத்தில் தீர்ந்துபோகும்.

இன்னொன்று, பெட்டியில் எழுதியிருக்கும் அந்தப் பெரிய எண் சில நிமிடங்களுக்குத்தான். உள்ளங்கை அளவு விளக்கு 1200 லூமென் கொடுத்தால் சூடு தாங்காது, அதுவே தன்னைக் குறைத்துக்கொள்ளும். நம்மூர் வெக்கையில் இன்னும் சீக்கிரம் குறையும். 'ஓடும் நேரம்' என்று போடுவதும் வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 10 சதவீதமாக விழும்வரை ஓடுவதைத்தான் கணக்கில் எடுக்கிறது. அதனால் 1200 லூமென் மூன்று மணி நேரம் என்று படித்துவிட்டு மூன்று மணி நேரமும் 1200 கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அந்த நேரத்தில் பெரும்பகுதி சில நூறு லூமெனில்தான் ஓடியிருக்கும்.

நான் நடக்கும்போது வைப்பது 50 முதல் 100 லூமென். கண் இருட்டுக்குப் பழகிவிட்டால் (அதற்கு 20, 30 நிமிடம் ஆகும், ஒரே ஒரு தடவை பளீரென்று அடித்தால் அவ்வளவும் போச்சு) தெரிந்த பாதையில் 20 லூமென்கூடப் போதும். கூடாரத்துக்குள் 1 அல்லது 2. பல மலிவு விளக்குகளில் ஆகக் குறைந்த அளவே 80, 100 என்று இருக்கும், அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் தூங்குகிறவர் முகத்தில் அடிக்காமல் ஒரு ஜிப்பைக்கூடத் தேட முடியாது. 200, 300 லூமென் வழி தவறிய இடத்தில் அடுத்த குறி எங்கே என்று தேடும் அந்த அரை நிமிடத்துக்குத்தான், அது கையில் இருக்கும் டார்ச்லைட்டின் வேலை.

பேட்டரி பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பட்டது இதில்தான். 18650 என்று ஒரு லித்தியம் பேட்டரி, 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் பெயர். இன்று கிடைப்பதில் நல்லது என்றால் 3500 மில்லிஆம்பியர் மணி பக்கம். ஒரு சந்தைக் கடையில் 9900 என்று அச்சடித்த ஜோடி வாங்கினேன், விலையும் பாதி. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பக்கம் விடிகாலை நடையில் ஒரு மணி நேரம் ஆகுமுன் அணைந்துவிட்டது, இரண்டாவதைப் போட்டேன், அதுவும் அப்படியே. போன் வெளிச்சத்தில் இறங்கினோம், கூட இரண்டு சின்னப் பிள்ளைகள். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். நல்ல 18650 ஏறக்குறைய 45 கிராம் இருக்கும், இது 28 காட்டியது. அந்த அளவு பேட்டரிக்குள் 9900 நுழையவே நுழையாது, அந்த எண்ணைப் பார்த்தாலே கீழே வைத்துவிடுங்கள். இன்னும் அதிகம் வேண்டுமென்றால் 21700 இருக்கிறது, 5000 மில்லிஆம்பியர் மணி பக்கம் வரும், ஆனால் கனம் கூடும், குனிகிற ஒவ்வொரு முறையும் நெற்றியில் அது தெரியும்.

நல்ல 18650 ஒன்றில் ஏறக்குறைய 12 வாட் மணி இருக்கிறது. நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமென் பக்கம் தரும். அப்படியானால் 100 லூமெனில் ஒரு ராத்திரி முழுக்க நடக்கலாம். கணக்கு அவ்வளவுதான். டபுள் ஏ பேட்டரி விளக்கும் மோசமில்லை, எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அல்கலைன் பேட்டரியை உள்ளேயே போட்டு வைக்காதீர்கள், கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும், எங்கள் வீட்டில் இரண்டு டார்ச்லைட் அப்படிப் போயின. எனெலூப் மாதிரி சார்ஜ் செய்யும் பேட்டரி வாங்கிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றவே முடியாத விளக்கு எனக்குப் பிடிக்காது. காட்டில் தீர்ந்தால் பவர் பேங்க் கயிறோடு தலையை இணைத்துக்கொண்டா நடப்பது?

நிறம். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. நீலம் தூக்கலாக இருக்கும் 6500 கெல்வின் வெளிச்சத்தில் (கெல்வின் கூடக்கூட நீலம் கூடும்) லூமென் எண்கள் பெரிதாக வரும், ஆனால் மண்ணும் வேரும் காய்ந்த இலையும் ஒரே சாம்பலாகத் தெரியும். 4000 முதல் 5000 கெல்வின், நிறம் காட்டும் எண் (சிஆர்ஐ, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பது) 90க்கு மேல் உள்ள விளக்கை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று பாருங்கள். செம்மண் செம்மண்ணாகத் தெரியும், பச்சை இலைக்குள் பச்சையாகச் சுருண்டிருக்கும் விரியன் இலையிலிருந்து பிரிந்து தெரியும். லூமென் கொஞ்சம் குறையும், குறையட்டும். பூச்சிகளுக்கும் நீலம்தான் பிடிக்கும், மூக்குக்குள் வந்து விழும்.

சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மங்கலாக வைத்தால் கண்ணின் இருட்டுப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது, பூச்சியும் குறைவாக வரும். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் கெராச்சுட் கடற்கரைக்கு ஆமை முட்டையிட வருகிறது, அங்கே வெள்ளை வெளிச்சம் அடித்தால் தாய் ஆமை திரும்பிப் போய்விடலாம், குஞ்சுகள் கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வெளிச்சத்தை நோக்கி நடக்கும். அங்கே விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள், முடியாவிட்டால் மங்கின சிவப்பு. சிவப்புக்கு வர வெள்ளையைக் கடந்துதான் வர வேண்டும் என்று பட்டனை அமைத்த விளக்கை நான் வாங்கமாட்டேன், காரணம் இதுதான்.

மழைக்கு ஐபிஎக்ஸ் 4 (தண்ணீர் தாங்கும் தரத்தைச் சொல்லும் எண்) போதும் என்பார்கள், அது தூறல் தெறிப்புக்குத்தான். நம் மழையில் நடப்பவர்கள் ஐபிஎக்ஸ் 7 பாருங்கள், ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். நெற்றிப் பட்டை கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்க வேண்டும், நாலு நடைக்குள் வியர்வை நாற்றம் எடுத்துவிடும். பைக்குள் தானாக எரிந்து பேட்டரி தீராமல் இருக்க, மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் போதும், பெரும்பாலான டார்ச்லைட்டில் இது வேலை செய்யும்.

நம்மூரில் இதெல்லாம் காலையில்தான் அதிகம் தேவைப்படுகிறது. 1982 ஜனவரி 1இல் மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அதனால்தான் ஏழு மணிக்கும் இங்கே அரை இருட்டாகக் கிடக்கிறது. ஆறு மணிக்கு ஏற ஆரம்பிப்பவருக்கு ஒரு மணி நேரம் விளக்கு வேண்டும்.

இப்போது என் பையில் இருப்பது: நெற்றிக்கு 4000 கெல்வினில் பரவலாக விழும் சின்ன ஹெட்லேம்ப், ஒரே ஒரு 18650. இடுப்பில் மாட்ட அதே பேட்டரி போடுகிற டார்ச்லைட், குவிந்து போவது. ஒன்று தீர்ந்தால் மற்றதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம், கூடவே ஒன்று உதிரி. அந்த 1200 லூமெனை வீட்டில் வைத்துவிட்டேன், கரண்ட் போனால் கூரையைப் பார்த்து நிறுத்தி வைக்க நன்றாக இருக்கிறது.

அம்மாவிடம் இந்தச் சின்ன ஹெட்லேம்பைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பட்டனை அழுத்தி அழுத்தி ஆகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்தார், கொல்லையில் இருக்கும் பலா மரத்துக்கிட்டே போய் நின்றார், தலையைக் கொஞ்சம் சாய்த்து, பட்டையில் விரலால் மேலிருந்து கீழே சரிவாக ஒரு கோடு இழுத்தார். "இது நல்லாருக்கு, சூடே இல்ல" என்றார்.

வருகிற சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மூன் கேட்டில் இருப்போம். விளக்கு இல்லாதவர்கள் அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம், என்னிடம் இரண்டு கூடுதலாக இருக்கிறது, போட்டு நடந்து பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.