பின் நம்பர் என்கிட்ட இருந்துச்சு

மாமா 2023 ஜனவரில தவறிட்டாங்க. ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பெரம்பூர்ல பேப்பர் மில்ஸ் ரோட்டுக்கு பின்னாடி சின்ன வீடு. பீரோல ஒரு ரெக்சின் பை இருக்கும், பாஸ்புக், எஃப்.டி. ரசீது, வீட்டு வரி கட்டுன ரசீது எல்லாம் அதுக்குள்ள. அந்த பை எந்த தட்டுல இருக்குன்னு அத்தைக்கு கண்ணை மூடிட்டு சொல்ல தெரியும், ஆனா உள்ள என்ன இருக்குன்னு அவங்க ஒரு நாளும் பிரிச்சு பார்த்ததில்ல. மாமா மறைச்சாருன்னு சொல்லல, நல்ல மனுஷன். காட்டணும்னு அவருக்கும் தோணல, கேக்கணும்னு இவங்களுக்கும் தோணல, அப்படியே முப்பத்தாறு வருஷம் ஓடிருச்சு.

நான் அக்கவுண்ட்ஸ்ல வேலை பார்க்கிறவ, அதனால காரியம் முடிஞ்ச மறுநாளே எல்லாரும் என் மூஞ்சிய பார்த்தாங்க. டெத் சர்டிபிகேட் வாங்குனது, குடும்ப பென்ஷனுக்கு எழுதுனது, அக்கவுண்ட்ல பேர் மாத்துனது எல்லாம் நான் தான். புது ஏடிஎம் கார்டு வந்துச்சு, அத்தை வாசல்ல செருப்பு பக்கத்துல நின்னாங்க, நான் உள்ள போய் பின் நம்பர் செட் பண்ணேன். மாசம் ஒரு தடவை வேளச்சேரில இருந்து போய் பணம் எடுத்து கையில குடுத்துட்டு வருவேன். அத்தைக்கு ரொம்ப நல்லது செய்யறேன்னு முழு மனசோட நம்பிட்டு இருந்தேன்.

அந்த வருஷம் டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் மழை சென்னைல யாருக்கும் மறந்திருக்காது. எங்க ஏரியால கார் எல்லாம் மிதந்துச்சு, கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல, மூணு நாள் நான் வீட்ட விட்டு கீழ இறங்கவே முடியல. பெரம்பூர் பக்கம் கொஞ்சம் தண்ணி வடிஞ்சதும் ஒரு ஏடிஎம் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு, தெருவே அங்க போய் லைன்ல நின்னிருக்கு. அத்தை கையில கார்டு இருக்கு, அக்கவுண்ட்ல அவங்க பென்ஷன் இருக்கு, பின் நம்பர் என்கிட்ட இருக்கு, என் போன் செத்து கிடக்கு. கடைசில எதிர் வீட்டு அம்மாகிட்ட ரெண்டாயிரம் கைமாத்து வாங்கிருக்காங்க. ஒரு வாரம் கழிச்சு நான் போனப்ப அத அவங்க குறையா கூட சொல்லல, "பரவால்ல கண்ணு, நீ என்ன பண்ணுவ"ன்னு காபிய குடுத்தாங்க. எனக்கு தொண்டைல இறங்கல. மாமா உட்கார்ந்திருந்த இடத்துல அவ்ளோ நாளா நான் உட்கார்ந்திருக்கேன், அவ்ளோதான் நடந்திருக்கு. அத்தை இருந்த இடத்துலயே இருக்காங்க.

இதே அத்தை இருபது பேர் ஏலச் சீட்டுல இருக்காங்க, ஆளுக்கு மாசம் அஞ்சாயிரம், மொத்தம் ஒரு லட்சம். ஏலம் முடிஞ்சு வந்ததும் கேட்டா, "இந்த மாசம் ஒருத்தி இருபத்திரெண்டாயிரம் தள்ளி எடுத்துட்டா, கமிஷன் அஞ்சாயிரம் போக மீதி பதினேழாயிரம், அத பிரிச்சா ஆளுக்கு எண்ணூத்தி அம்பது கசர், நாம நாலாயிரத்து நூத்தம்பது கட்டுனா போதும்"னு பேப்பர் பேனா இல்லாம சொல்லுவாங்க. நான் கால்குலேட்டர்ல போட்டு பார்த்தா அதே தான் வரும். இத்தனை கணக்கு தெரிஞ்சவங்களுக்கு பேங்க் சலான பார்த்தா கை நடுங்குதுன்னா அது அறிவு விஷயமே இல்லங்க. கை படல, அவ்ளோதான். எண்ணெய் சட்டி பக்கத்துல நிக்க விடாம வளர்த்த பொண்ணுக்கு அப்பளம் பொரிக்க பயமா தான் இருக்கும். (அந்த சீட்டு பதிவு பண்ணாத சீட்டு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, நடத்துறவர் நாளைக்கு ஓடிட்டா கையில ஒரு துண்டு காகிதம் கூட இருக்காது. முடிஞ்சதும் அடுத்தது பதிவு நம்பர் இருக்கிற சீட்டா பார்த்து சேருங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.)

ஜனவரில பேங்க் போனோம். இந்த தடவை நான் பேசவே மாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டேன். சலான் எழுதும்போது பக்கத்துல நின்னேன், தேதி எங்க, அக்கவுண்ட் நம்பர் எங்கன்னு விரல் வச்சு காட்டல, அவங்களே தேடி எழுதட்டும்னு விட்டேன், ரெண்டு சலான் கிழிஞ்சுது, மூணாவது சரியா வந்துச்சு. கவுண்டர்ல இருந்தவர் அத்தைய பார்க்காம என்ன பார்த்து "அம்மாவ இங்க ஒரு சைன் போட சொல்லுங்க"ன்னார். இது எல்லா இடத்துலயும் நடக்குது, கூட யார் வந்தாலும் அவங்ககிட்ட தான் பேசுறாங்க, அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்ட பேசறதில்ல. நான் வாட்டர் கேன் பக்கத்துல போய் திரும்பி நின்னுக்கிட்டேன். அதுக்கப்புறம் வேற வழியில்லாம அத்தைகிட்ட பேசினார். அத்தையும் பேசினாங்க. பத்தாயிரம் ரூபாய அங்கயே நின்னு ரெண்டு தடவை எண்ணுனாங்க, பின்னாடி லைன்ல யாரோ உச்சு கொட்டுனது எனக்கு கேட்டுச்சு, அத்தைக்கு கேட்கல, இல்ல கேட்டும் கண்டுக்கல.

உதவி பண்றவங்களுக்கு இது தான் ரொம்ப கஷ்டமான விஷயம்னு நான் நினைக்கிறேன். நாமளே செஞ்சா அஞ்சு நிமிஷம், அவங்க செஞ்சா நாப்பது நிமிஷம், அந்த முப்பத்தஞ்சு நிமிஷம் வாய மூடிட்டு நிக்கணும்.

அன்னிக்கு தான் இன்னொண்ணு தெரிஞ்சுது. அத்தை அக்கவுண்ட்ல பதிவாகி இருந்தது பெங்களூர்ல இருக்கிற அவங்க பையனோட மொபைல் நம்பர். மாமா போன அவசரத்துல நாங்களே தான் அப்படி குடுத்திருக்கோம், அத்தைகிட்ட அப்போ பட்டன் போன் தான். அதாவது அத்தை ஐநூறு ரூபாய் எடுத்தா மெசேஜ் பெங்களூருக்கு போகும், ஓடிபி அங்க போகும். அவன் தப்பா எதுவும் செய்யல, ஆனா நம்பர் யார் கையில இருக்கோ அக்கவுண்ட்டும் அவங்க கையில தாங்க இருக்கு. இத படிக்கிறவங்க உங்க அம்மா, மாமியார், வீட்டு வேலை செய்யற அக்கா யாரா இருந்தாலும் முதல்ல இத மட்டும் பாருங்க. ஆதாரோட பேங்குக்கு போய் ஃபார்ம் எழுதி குடுத்தா மாத்திடலாம். அத்தை மாத்துனாங்க. அன்னிக்கு ராத்திரி பையன் போன் பண்ணி "ஏம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா"ன்னு கேட்டிருக்கான். அத்தை ரெண்டு நாள் சரியா சாப்பிடல. பணத்த கையில எடுக்கிறதுல ஃபார்ம் எழுதுறது சுலபம், இந்த மாதிரி ஒரு கேள்விக்கு பதில் சொல்றது தான் மலை. மூணாவது நாள் அவங்களே அவனுக்கு போன் பண்ணி "நம்பிக்கை இருக்கு, அதான் வீட்டு சாவி உன்கிட்டயும் ஒண்ணு இருக்கு, அதுக்காக என் சாவிய நான் வச்சுக்க கூடாதா"ன்னு கேட்டாங்களாம். அவன் அப்புறம் ஒண்ணும் சொல்லல.

அப்புறம் ஸ்மார்ட் போன் வாங்கி ஜிபே போட்டோம். முதல் நாள் முழுக்க எனக்கு ஒரு ரூபா, ஒரு ரூபாயா அனுப்பிட்டே இருந்தாங்க, ஒவ்வொரு தடவையும் "வந்துச்சா"ன்னு போன். அடுத்து மார்க்கெட்ல கீரைக்கார அம்மாவுக்கு இருபது ரூபா, பணம் வந்துச்சுன்னு அவங்க கடை பெட்டி சத்தமா தமிழ்ல சொன்னதும் தான் நிம்மதி ஆச்சாம். நான் சொல்லி குடுத்தது ஒரே ஒரு விதி, பணம் வர்றதுக்கு பின் நம்பர் போடவே தேவையில்ல, போட சொன்னா நம்ம பணம் போக போகுதுன்னு அர்த்தம். மீறி ஏதாவது ஆயிட்டா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன். யாராவது திட்டுவாங்களோன்னு பயந்து மறைக்கிற நேரத்துல தான் பணம் கை மாறி போயிடுது, அதனால நான் திட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணி குடுத்திருக்கேன்.

அத்தை வீட்டு வாசல்ல பூ விக்கிற அக்கா இதெல்லாம் பார்த்துட்டு ஒரு நாள் வந்தாங்க. அவங்களுக்கு 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்ச மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபா வருது, ஏடிஎம் கார்டு வீட்டுக்காரர்கிட்ட. இது வரைக்கும் அந்த பணத்துல எவ்ளோ தன் கைக்கு வந்துச்சுன்னு அவங்களுக்கு தெரியல. பாஸ்புக் பதிய சொன்னோம். பதிஞ்சு வந்த பக்கத்த அத்தை தான் வரி வரியா படிச்சு காட்டினாங்க, நான் பக்கத்துல இருந்து கேட்டுட்டு இருந்தேன். அந்த அக்கா ஒண்ணும் சண்டை போடல. பேங்குக்கு போய் பழைய கார்ட நிறுத்திட்டு புது கார்டுக்கு எழுதி குடுத்துட்டு வந்துட்டாங்க. வீட்டுல என்ன நடந்துச்சுன்னு நாங்க கேட்கல, அவங்க வழக்கம் போல பூ கட்டிட்டு இருக்காங்க.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்ல. 1978ல ஜெயா அருணாசலம் மெட்ராஸ்ல ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் ஆரம்பிச்சப்ப அதுல சேர்ந்தவங்க இதே மாதிரி பூ, காய், மீன் விக்கிற பெண்கள் தான். கந்து வட்டிக்கு வாங்கிட்டு இருந்தவங்கள குழுவா சேர்த்து பேங்க்ல கடன் வாங்க வச்சாங்க, அவங்களும் ஒழுங்கா திருப்பி கட்டுனாங்க, பின்னாடி 1981ல தங்களுக்குன்னு ஒரு கூட்டுறவு சங்கமே வச்சுக்கிட்டாங்க. பொம்பளைங்களுக்கு பணம் பார்த்துக்க வராதுன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வர்றதுக்கு அவங்களும் ஒரு காரணம்.

இப்ப சனிக்கிழமை சனிக்கிழமை பேங்க் விஷயம் கத்துக்க அத்தை வீட்டுக்கு நாலஞ்சு பெண்கள் வர்றாங்க. ரெண்டாவது, நாலாவது சனி பேங்க் லீவு, அன்னிக்கு வீட்டுலயே உட்கார்ந்து பேச்சு. ஒருத்தங்க "பேங்க் மூழ்கிட்டா என்ன பண்றது"ன்னு கேட்டாங்க, நல்ல கேள்வி, ஒரு பேங்க்ல ஒரு ஆளுக்கு வட்டியோட சேர்த்து அஞ்சு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, 2020ல இருந்து. இன்னொருத்தங்க நகைய வீட்டுக்காரர் அடகு வச்சுட்டார், ரசீது அவர் பேர்ல, வட்டி எவ்ளோன்னு கூட தெரியல. அம்மா வீட்டுல போட்ட நகை மனைவிக்கு மட்டுமே சொந்தம், கஷ்டத்துல எடுத்தா கணவர் திருப்பி குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2024ல கூட சொல்லிருக்குன்னு நான் சொன்னேன். அவங்க ரொம்ப நேரம் பேசல. கோர்ட் சொன்னத வச்சு வீட்டுல அந்த ரசீத கேட்டு வாங்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். அடுத்த தடவை வட்டி கட்ட போகும்போது "நானும் வர்றேன்"னு சொல்லி கூட போங்கன்னு அத்தை தான் யோசனை சொன்னாங்க, என் பதில விட அது உபயோகமா இருந்துச்சு.

போன மாசம் அத்தையோட ஒரு எஃப்.டி. முடிஞ்சுது, மூணு லட்சம். தானா ரினியூ ஆயிருச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு, இப்ப மெசேஜ் அவங்க போனுக்கு தானே வருது. வட்டிய பார்த்துட்டு நேரா பேங்குக்கு போய், எனக்கு அறுபது முடிஞ்சிருச்சே, சீனியர் சிட்டிசனுக்கு அரை பர்சன்ட் ஜாஸ்தின்னு போர்டுல போட்டிருக்கீங்களே, ஏன் வரலன்னு கேட்டிருக்காங்க. பார்த்தா அங்க பிறந்த வருஷம் தப்பா பதிவாகி இருக்கு, நாலு வயசு கம்மியா. ஆதார காட்டி திருத்த எழுதி குடுத்துட்டு, வெளிய வந்து எனக்கு போன் பண்ணாங்க. ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தேன், எடுக்கல. வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, பின்னாடி ஆட்டோ சத்தம். "வருஷத்துக்கு ஆயிரத்து ஐநூறு கண்ணு, ஒரு மாச பால் காசு. இன்னொரு எஃப்.டி.யும் அங்க தான் இருக்கு, அதுலயும் வயசு தப்பா இருக்கான்னு கேக்க மறந்துட்டேன், திரும்ப உள்ள போறேன், நீ போன் பண்ணாத."